எட்டு போடப் போகும் மங்கைக்கு

கும்பகோணம்

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் இவருக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் அதிகாரம் செய்துகொண்டிருக்கிறார். வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுவது என் வேலை. சின்னவளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. அதை எழுத ஆரம்பித்தால் தாள் போதாது, விடு.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் ஓசூருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஸ்கூட்டர் வாசலில் தூசி படிந்து நிற்கிறது, ஓட்டிப் பழகலாமா என்று கேட்டிருக்கிறாய். “இந்த வயசுல எதுக்கும்மா, ஆட்டோவுல போங்க” என்று உன் மகன் சொன்னதையும் எழுதியிருக்கிறாய். ‘ஓட்டு’ என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். ஆனால் இந்த ‘எதுக்கு’ உன் மகன் புதிதாகக் கண்டுபிடித்ததில்லையடி. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவளிடம் கேட்டுவிட்டாய், இனி பாடத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என் தம்பி மகன் ஒரு பழைய வண்டிப் பைத்தியம் என்பது உனக்குத் தெரியும். அவன் அனுப்பிய ஒரு படத்தைப் பிரின்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், பார். 1916, லண்டன். தொப்பியும் நீண்ட உடையுமாக ஒரு பெண்மணி, குழந்தைகள் உதைத்து ஓட்டுகிற ஸ்கூட்டர் மாதிரி ஒன்றின் மேல் நின்றுகொண்டு போகிறார். பெயர் லேடி ஃப்ளாரன்ஸ் நார்மன். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர்களில் ஒருவர். வேலைக்குப் போய்வருவதற்காக அந்த வண்டியைப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தந்தவர் அவர் கணவர் சர் ஹென்றி நார்மன், லிபரல் கட்சி எம்.பி.

வண்டியின் பெயர் ஆட்டோபெட். நியூயார்க்கில் லாங் ஐலண்ட் சிட்டியில் 1915இல் செய்ய ஆரம்பித்தார்கள், 1921 வரை ஓடியது. சீட்டே கிடையாது, நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். 155 சிசி எஞ்சின் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். இதில் எனக்குப் பிடித்தது ஹேண்டில்தான். அதன் தண்டை முன்னால் தள்ளினால் எஞ்சினோடு சக்கரம் சேர்ந்துகொண்டு வண்டி நகரும். உன் பக்கம் இழுத்தால் எஞ்சின் விடுபட்டு, பிரேக் விழும். யோசித்துப் பார், பயந்துபோனால் யாராக இருந்தாலும் ஹேண்டிலைத் தன் பக்கம்தானே இழுப்போம்? இழுத்தால் நின்றுவிடும். நம் ஸ்கூட்டரில் தலைகீழ். பயந்தால் வலது கை ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கிவிடும், புதிதாகப் பழகுகிறவர்கள் நேரே போய்க் காம்பவுண்டுச் சுவரில் முட்டுவதெல்லாம் இதனால்தான். நீ முதல் நாள் ஆக்சிலேட்டரைத் தொடாதே. வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தெருவில் தள்ளிக்கொண்டே போய் பிரேக் மட்டும் பிடித்துப் பழகு.

இறங்கியதும் அந்தத் தண்டை மடக்கி, அதையே கைப்பிடியாகப் பிடித்து வண்டியைத் தூக்கிக்கொண்டும் போகலாமாம். அமெரிக்கத் தபால்காரர்கள் நாலு பேர் வரிசையாக இதில் நிற்கிற படம் ஒன்று உண்டு. நியூயார்க் ரவுடிகளும் போலீசிடமிருந்து நழுவ இதைத்தான் வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை. ஜெர்மனியில் பீரங்கி செய்து பேர் வாங்கிய க்ரூப் கம்பெனி, முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்ற கையோடு உரிமம் வாங்கி இதே வண்டியைச் செய்து விற்றது. இத்தனை பேர் ஆசைப்பட்டும் வண்டி நிலைக்கவில்லை. விலை 100 டாலர், அதே 1916இல் ஃபோர்டு மாடல் டி காரே 360 டாலருக்குக் கிடைத்தது. அவ்வளவு கொடுத்தும் நின்றுகொண்டே போக வேண்டும் என்றால் யார் வாங்குவார்கள்? அந்தக் குட்டிச் சக்கரத்துக்கு ரோடும் ஒத்துழைத்திருக்காது.

இந்தப் படத்தைப் பகிர்கிறவர்கள் எல்லாரும் ‘அந்தக் காலத்திலேயே பார்த்தீர்களா’ என்று பூரித்துப் போகிறார்கள். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஆனால் கணவர் எம்.பி., வண்டி பரிசு, உடை மரியாதையானது. இவரை யார் தடுக்கப் போகிறார்கள்? படத்தில் இருக்கிற பெண்ணை ஊர் எப்போதும் ரசிக்கும். அவளே வண்டியை எடுத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு நாலு ஊர் போகட்டும், அப்போது தெரியும் சேதி.

சினிமாவையே எடுத்துக்கொள். 1914இல் ‘மேபல் அட் தி வீல்’ என்று ஒரு ஊமைப் படம். நம் சார்லி சாப்ளின்தான் வில்லன், சினிமாவுக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கதாநாயகி மேபல் நார்மண்டை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறார், குலுக்கலில் அவள் சேற்றுக் குட்டையில் விழுகிறாள். கொட்டகை சிரித்திருக்கும். ஆனால் அந்தப் படத்தை டைரக்ட் பண்ணியதே, தயாரிப்பாளர் மாக் செனட்டோடு சேர்ந்து, அந்த மேபல்தான்! இருபதை ஒட்டிய வயசு. அவள் சொல்படி நடிக்க முடியாது என்று சாப்ளின் முரண்டு பிடித்து, ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாராம். அழகான பெண்தான், டைரக்ட் செய்யத் தகுதி போதாது என்கிற தோரணையில் அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் மேல் எனக்கு இருக்கிற பிரியத்தில் இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஒரு ஆறுதல், அதே படத்தின் கடைசியில் மேபல் ரேஸ் காரில் தானே ஏறி ஓட்டி ஜெயித்துவிடுகிறாள்.

சரி, ரோட்டுக்கு வருவோம். 1915இல் நியூயார்க்கின் புரூக்லினிலிருந்து எஃபி ஹாட்ச்கிஸ் என்ற பெண் ஹார்லி டேவிட்சனில் கிளம்பினாள். பக்கத்துத் தொட்டியில், அதுதான் சைடுகாரில், அவளுடைய அம்மா ஏவிஸ். வால் ஸ்ட்ரீட்டில் வேலை பார்த்த பெண், ரோடு என்று சொல்லத்தக்க ரோடு பாதி வழிக்குக் கிடையாது. பாலைவனத்துப் பக்கம் டயருக்குள் போட டியூப் தீர்ந்துபோனதும், இருந்த கம்பளியைக் கிழித்துச் சுருட்டி டயருக்குள் திணித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்ததும், ஜாடியில் கொண்டுபோன அட்லாண்டிக் கடல் தண்ணீரைப் பசிபிக்கில் ஊற்றினார்களாம். ராமேஸ்வரத்து மணலைக் கங்கையில் கரைத்து, கங்கை நீரை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுவருகிற நம் சம்பிரதாயம் நினைவுக்கு வரவில்லையா?

அடுத்த வருஷம்தான் வேன் ப்யூரன் சகோதரிகள், அகஸ்டா, அடலின். இவர்களைப் பற்றி எழுதத்தான் இத்தனை பீடிகையும். ஆளுக்கு ஒரு 1000 சிசி இந்தியன் மோட்டார் சைக்கிள். (அது அமெரிக்கக் கம்பெனி, நமக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) 1916 ஜூலை முதல் வாரம் புரூக்லினில் கிளம்பி, செப்டம்பர் 8ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 5,500 மைல். வழியில் 14,000 அடிக்கு மேல் உயரமான பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கே ஏறினார்கள், எஞ்சின் வண்டி ஓட்டிக்கொண்டு அங்கே போன முதல் பெண்கள். சால்ட் லேக் சிட்டிக்கு மேற்கே பாலைவனத்தில் வழி தப்பி, கையில் இருந்த தண்ணீர் தீர்கிற நேரத்தில், கனிமம் தேடி அலைகிற ஒரு ஆள் எதிர்ப்பட்டதால் பிழைத்தார்கள்.

ஊர்சுற்றிப் பார்க்க அவர்கள் போகவில்லை. ஐரோப்பாவில் போர் நடக்கிறது, அமெரிக்காவும் இறங்கப் போகிறது என்ற பேச்சு. போர்முனையில் செய்தி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வேலையைப் பெண்களும் செய்ய முடியும், அத்தனை ஆண்களை வேறு வேலைக்கு விடலாம் என்று காட்டத்தான் போனார்கள். நடந்தது என்ன? சிகாகோ தாண்டியதும் சின்னச் சின்ன ஊர்களில் போலீஸ் அவர்களைத் திரும்பத் திரும்பப் பிடித்து வைத்தது. வேகத்துக்காக இல்லையடி. ஆண்கள் உடை போட்டிருந்ததற்காக! தோலில் தைத்த கால்சட்டை. பாவாடையைக் கட்டிக்கொண்டு அந்த வண்டியை மலை மேல் எப்படி ஓட்டுவதாம்? மோட்டார் சைக்கிள் பத்திரிகை வண்டியைப் புகழ்ந்தது, ஓட்டியவர்களை அதிகம் கண்டுகொள்ளவில்லை. டென்வரில் ஒரு பத்திரிகை இன்னும் ஒரு படி மேலே போய், நாட்டுப்பற்றைச் சாக்கிட்டு வீட்டு வேலையிலிருந்து தப்பிக்கவும் உடம்பைக் காட்டவும் கிளம்பியவர்கள் என்று எழுதியது. திரும்பி வந்து அடலின் ராணுவத்துக்கு விண்ணப்பித்தாள். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 

அவர்கள் சோர்ந்து உட்காரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடலின் சட்டம் படித்துப் பட்டம் வாங்கினாள், அகஸ்டா விமானம் ஓட்டப் பழகினாள். அமீலியா இயர்ஹார்ட் முதல் தலைவராக இருந்த பெண் விமானிகள் சங்கத்திலும் சேர்ந்தாள். அந்த அமீலியாவும் ஆட்டோபெட்டோடு நிற்கிற ஒரு படம் இருக்கிறது, கிடைத்தால் அடுத்த கடிதத்தில் வைக்கிறேன்.

நம் கதையைப் பார். இவருடைய பஜாஜில் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து எத்தனை வருஷம் போயிருப்பேன்! இடது கை ஸ்டெப்னியில், வலது கை இவர் தோளில், முந்தானை பல்லில். பெரியவன் முன்னால் நின்றுகொண்டு ஹாரன் அடிப்பான். கும்பகோணமே எங்களை அப்படிப் பார்த்திருக்கிறது, யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வண்டியை நான் ஓட்டினால் என்ன என்று ஒரு தரம் கேட்டேன். இவர் சிரித்தார், அதோடு சரி. அது கையிலேயே கியர் மாற்றுகிற கனமான வண்டி. உன்னுடையதில் அந்தத் தொல்லையும் கிடையாது. அதனால்தான் உன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை. 

புடவையா சுடிதாரா என்று கேட்டிருக்கிறாய். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடம் தட்டையாக, நடுவில் குழாய் இல்லாமல் இருப்பதால் புடவையோடும் ஓட்டலாம். ஆனால் பழகுகிற வரை சுடிதார் போட்டுக்கொள். கால் ஊன்றும்போது புடவை தடுக்கும், முந்தானை சக்கரத்தில் சிக்கினால் வம்பு. அந்த அமெரிக்கப் போலீஸ் கரூருக்கு வந்து பிடிக்காது.

ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் உன் மகன் சொல்வதைக் கேள். அந்தக் காலத்தில் உலகமே கொண்டாடிய ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி இருக்கிறாரே, அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். நாட்டிங்ஹாமில் செய்த ப்ரஃப் சுப்பீரியர் வண்டியாக ஏழு வாங்கினார், எட்டாவதுக்கும் சொல்லி வைத்திருந்தார். 1935 மே மாதம், வீட்டுக்குப் பக்கத்து ரோட்டில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் ஒடித்துத் திருப்பி விழுந்தார். தலையில் அடி. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து போய்விட்டார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹ்யூ கேர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். அது மனசை அறுத்திருக்க வேண்டும், இப்படித் தலையில் அடிபட்டு இறந்த மோட்டார் சைக்கிள்காரர்களைக் கணக்கெடுத்து 1941இல் கட்டுரை எழுதினார். பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. நாம் இன்றைக்குத் திட்டிக்கொண்டே மாட்டுகிற ஹெல்மெட்டுக்கு ஆதி மூலம் இது. ரோட்டோரம் விற்கிற நூற்றைம்பது ரூபாய்க் குல்லாய் வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, கொண்டையை அவிழ்த்துவிட்டுப் போட்டுப் பார்த்து வாங்கு.

அப்புறம், முதலில் எல்.எல்.ஆர். போட்டுவிடு. லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போடுவதற்கு அவசரப்படாதே. காலையில் கூட்டமில்லாத நேரத்தில் உங்கள் தெருக்கோடி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் பெரிதாக ஒரு எட்டு வரைந்துகொண்டு பழகு, பிறகு சின்னதாக்கிக்கொண்டே வா. முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டாதே, போக வேண்டிய இடத்தைப் பார் என்று தம்பி மகன் சொல்லச் சொன்னான். பேட்டரியைச் சார்ஜ் போடாமலோ மாற்றாமலோ வண்டி கிளம்பாமல் போகலாம் என்றும் சொன்னான், இத்தனை மாதம் சும்மா நின்றிருக்கிறதே.

லைசென்ஸ் வாங்கியதும் எழுது. உன் மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
ஜெயா