பவானிக்காரனைக் கடலில் நிறுத்தியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க.

போன வாரம் நம்ம ஊர் மண்டபத்தில் நடந்த பாராட்டு விழாவில் எனக்குப் பேசக் கொடுத்த நேரம், மாலையைக் கழற்றி வைக்கவும் பெரியவர்களைக் கும்பிடவுமே சரியாகப் போய்விட்டது. கடலோரக் காவல் படையில் மீட்புப் படகுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்று வந்தவனுக்காக ஊரே கூடியது சந்தோஷம்தான். ஆனால் மேடையேறிய எல்லோரும் என்னமோ நான் ஒற்றை ஆளாகக் கடலில் குதித்து ஆட்களைத் தூக்கி வந்த மாதிரியே பேசினார்கள். அப்படி இல்லீங்க. படகை நடத்துகிறவன் பெரும்பாலும் தண்ணீரில் கைகூட வைப்பதில்லை. நாலு பேர் சொல்வதைக் கேட்டு, அதில் எதை நம்புவது என்று முடிவெடுத்து, எந்தப் பக்கம் திருப்பணும் என்று சொல்வதுதான் அவன் வேலை. அந்த நாலு பேருக்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் முறை வைத்தே எழுதுகிறேன், அவரவருக்குத் தெரியும்.

முதலில் பரிசல் மாமா. கூடுதுறையில் காவிரியும் பவானியும் சேருகிற இடத்தில் தண்ணீர் மேலே ஒரு பக்கமும் அடியில் ஒரு பக்கமும் இழுக்கும், பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். மாமா என்னைப் பரிசலில் ஏற்றினால் துடுப்பைக் கையில் கொடுக்க மாட்டார், முதலில் நுரை எங்கே போகுதுன்னு பாருடா என்பார். முழுகுகிறவனை முன்பக்கமாகப் போய்ப் பிடிக்காதே, உன்னையும் சேர்த்து அமுக்கிவிடுவான், கழியை நீட்டு, இல்லையா பின்னால் போ என்று சொல்லி, சொன்னது மறக்காமல் இருக்க மண்டையில் ஒரு கொட்டும் வைப்பார். பயிற்சியில் இதே பாடம் வந்தபோது மற்ற பையன்கள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள், நான் மண்டையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என் கணக்கு வாத்தியார். காற்று ஒரு பக்கம் தள்ள, நீரோட்டம் இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் கிடக்கிற படகு எங்கே போய்ச் சேரும் என்பது அவர் கரும்பலகையில் போட்ட முக்கோணம்தான் சார். இதெல்லாம் எங்கே உதவப் போகுது என்று அன்றைக்குக் கேட்டவன் நான்தான், உதவியது.

இப்போது கடல்பக்கம் வருகிறேன். தூத்துக்குடி திரேஸ்புரத்துப் பெரியவர் ஒருவர், தண்டலாக, அதாவது மீன்பிடிப் படகை நடத்துகிறவராக இருந்து வயதாகிக் கரையில் உட்கார்ந்தவர். முந்தின நாள் போன ஃபைபர் படகு ஒன்று இன்ஜின் நின்று திரும்பவில்லை என்று தகவல் வந்தது. கச்சான் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்ததால், மேற்கிலிருந்து தள்ளுகிற காற்றோடு படகு கிழக்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, கட்டம் பிரித்துத் தேடிக்கொண்டிருந்தோம். பெரியவர் போனில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், வலை தண்ணியில கெடக்கா, ஏத்திட்டானுவளா? விசாரித்தால், வலை விட்டபிறகுதான் இன்ஜின் நின்றிருக்கிறது. அப்படின்னா படகு காத்தோட போகாது தம்பி, வலை புடிச்சு வைக்கும், நீவாட்டோடதான் போகும் என்றார். உண்மைதான், நீருக்குள் தொங்குகிற வலையை நீரோட்டம்தான் இழுக்கும், மேலே இருக்கிற படகு வேறு வழியில்லாமல் அதன் பின்னால் போகும். தேடுகிற இடத்தை வடக்கே மாற்றினோம். மத்தியானத்துக்கு மேல் ஒரு கம்பில் கட்டிய கைலி ஆடுவது தெரிந்தது. பேட்டியில் என் முகம்தான் வந்தது, பெரியவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி. ஐயா, இந்தத் தாமதமான கும்பிடை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இவர் ஒருவர் மட்டுமில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்து, கன்னியாகுமரிக்காரர்களையும் கேரளக்காரர்களையும் நடுக்கடலில் தேடியபோது மீனவர்களையே தேடுகிற கப்பல்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேலே டோர்னியர் விமானம் பறந்தாலும், கீழே எந்தப் பாரில், அதாவது மீன் கூடுகிற கடலடிப் பாறைத்திட்டில், எந்த மாதத்தில் யார் தொழில் பார்ப்பார்கள் என்று தெரிந்தவர் அவர்கள்தானே.

என் படகுத் தம்பிகளுக்கு என்ன எழுதுவது என்று ரெண்டு நாளாக யோசிக்கிறேன். தண்ணீரில் ஆளைப் பார்த்துவிட்டால் ஒருவன் கையை நீட்டி அவரைக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும், படகு எப்படித் திரும்பினாலும் அவன் கண்ணை எடுக்கக் கூடாது, ஏனென்றால் அலைக்கு நடுவே ஒரு தலை என்பது தேங்காய் அளவுகூடத் தெரியாது, கண்ணை எடுத்தால் போச்சு. எங்கள் படகில் அந்த வேலைக்கென்றே ஒரு கடலூர்த் தம்பி இருந்தான். உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்து கண் சிவந்து நீர் வடியும், துடைக்கக்கூட மாட்டான், நீட்டிய விரல் மட்டும் மெல்ல மெல்ல நகரும். நான் கடலைப் பார்க்கவில்லை, அந்த விரலைப் பார்த்துத்தான் படகைத் திருப்பச் சொன்னேன். ஆள் பக்கத்தில் வந்ததும் நியூட்ரல் என்று கத்துவேன், ப்ரொப்பெல்லர் சுற்றினால் காப்பாற்ற வந்தவனே வெட்டிவிடுவான். சொன்ன அதே நொடியில் கியர் விழும். அந்த இன்ஜின் அறைச் சூட்டில் நின்று பாருங்கள், நம்ம சித்திரை வெயில் எல்லாம் ஒன்றுமே இல்லை. அங்கே இருந்தவருக்கு வெளியில் என்ன நடக்கிறது என்றே தெரியாது, என் குரலை நம்பி மட்டும் வேலை செய்தார். அண்ணே, ரொம்ப நன்றிங்க.

சொல்ல மறப்பதற்குள் ஒன்று. கடலில் ஆபத்து என்றால் கூப்பிட வேண்டிய எண் 1554, கட்டணம் இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள். படகில் வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 16ஆம் சேனல். நமக்கு எதுக்குங்க இது, ஈரோட்டில் ஏது கடல் என்று கேட்பீர்கள். அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிறோம் அல்லவா, போய்விட்டு அப்படியே அரிச்சல்முனையிலும் இறங்கிக் குளிக்கலாமா என்று வேனில் வந்து நிற்கிறவர்களில் பாதிப் பேர் நம்ம பக்கத்துக்காரர்கள். இறங்காதீங்க. அங்கே ரெண்டு கடல் சேருகிறது, இழுவை அதிகம், வாய்க்காலில் நீச்சல் பழகினதெல்லாம் அங்கே செல்லாது.

வீட்டுக்கு வருகிறேன். ஜமக்காளத் தறிக்குழியில் கால் வைத்துக்கொண்டே, போறியா, போயிட்டு வா என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவைத்த அப்பா இன்றைக்கு இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாப் படகும் கரைக்கு வரும், எங்கள் படகு மட்டும் கிளம்பும், அந்த ராத்திரிகளில் தனியாக உட்கார்ந்து செய்தி பார்த்தவள் என் வீட்டுக்காரி. காலையில் நான் போன் பண்ணினால் சாப்பிட்டீங்களா என்று மட்டும்தான் கேட்பாள், வேறு எதையும் கேட்டதில்லை. மேடையில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்துப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாளே, பொன்னாடை அவளுக்குத்தான் போட்டிருக்கணும்.

விழாவுக்கு ஓடியாடி வேலை பார்த்த இளவட்டங்கள், பந்தி பரிமாறிய பங்காளிகள், வரமுடியாமல் போனில் பேசியவர்கள் எல்லோருக்கும் நன்றிங்க. ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறையில் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள், நான் வருகிறேன். பரிசல் மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதனால் அங்கே பொறுப்பு அவருடையது, என்னிடம் வந்து உத்தரவு கேட்காதீர்கள்.