58 வயதில் பியானோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேத்தியைப் பியானோ வகுப்புக்குக் கூட்டிப்போய் டீச்சர் வீட்டு வாசலில் காத்திருந்தவள் நான். இப்போது நானும் மாணவி. அதற்குமுன் 3 மாதம் யூடியூப் பார்த்துத் தட்டினேன். என் மணிக்கட்டு தொங்குவதை அது சொல்லவே இல்லை. டீச்சர் முதல் நாளே கையைத் தூக்கிவிட்டார்: "ஆண்டி, உள்ளங்கைக்குள்ள ஆரஞ்சு இருக்குன்னு நினைச்சுக்குங்க."

சின்ன வயதில் படித்த பாட்டு கைகொடுக்கிறது. சங்கராபரண ராகம் வெள்ளைக் கட்டைகளிலேயே வந்துவிடும். சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம்தான் வராது, 88 கட்டை இருந்தும்! இரண்டு கையும் சேர்வதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது. பேத்திக்கு ஒரே சிரிப்பு.

பரதம், வீணை வகுப்புகளைப் பற்றி எழுதும் உங்கள் ஞாயிறு பதிப்பு, பெரியவர்களைச் சேர்க்கும் பியானோ ஆசிரியர்களைப் பற்றியும் எழுதலாமே?

வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு