வாயில்லா ஜீவன்களுக்காக என்னோடு நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மதுரையில் நாய், பூனைகளுக்காக நான் நடத்திவரும் நல நிலையம் இந்த மாதம் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டது. இடுப்பு வலியோடு வரும் வயதான நாய்களை இனி யாரும் படியேற்றித் தூக்கி வர வேண்டாம். வாசலில் சாய்வுப் பலகை போட்டுக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்த தச்சர் அண்ணனுக்கு முதல் நன்றி. முன்பணத்தைக் குறைத்துக்கொண்டு, "குரைக்கிற சத்தம் எனக்குப் பழகிடும்மா" என்று சாவியைக் கொடுத்த வீட்டுக்கார அம்மாவுக்கு அடுத்த நன்றி.

மற்றவர்களிடம் நான் பட்டிருக்கும் கடன் பழையது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

அப்பத்தா இன்று இல்லை. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் மாடு, ஆடு, கோழி, நாய் இவற்றோடு சேர்த்துத்தான் எங்களையும் வளர்த்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்காருவது தொழுவத்தில். தீனி வைக்கும் முன் ஒவ்வொரு மாட்டையும் ஒரு சுற்று பார்ப்பார். அசை போடுகிறதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா, சாணி எப்படி இருக்கிறது, காது சூடா குளிர்ச்சியா? "அது வாயத் தெறந்து சொல்லாதுடி, நாமதான் பாக்கணும்" என்பார். இன்று ஒரு நாய் என் அறைக்குள் வந்தால், அது நடக்கும் விதத்தைப் பார்த்து, ஈறின் நிறத்தைப் பார்த்து, சாப்பாடு, மலம், தூக்கம், வீட்டில் யாரோடு படுக்கிறது என்பது வரை கேட்ட பிறகுதான் கை வைக்கிறேன். படித்த பயிற்சிகள் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை.

அப்பத்தாவின் கைமருந்தில் எல்லாமே 'ஒரு பிடி', 'கொஞ்சூண்டு'தான். அதற்கெல்லாம் அளவு உண்டு என்று காட்டியது பேராசிரியர் புண்ணியமூர்த்தியின் உழைப்பு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருந்து அவர் மரபு மூலிகை மருத்துவத்தை ஒழுங்குபடுத்தினார். மாட்டின் மடிநோய்க்கு 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள் தூள், 15 கிராம் சுண்ணாம்பு என்று எழுதி வைத்தால் யாரும் செய்து பார்க்கலாம், பலன் இருந்ததா இல்லையா என்று கணக்கும் பார்க்கலாம். அவரோடு எனக்கு நேரில் பழக்கமில்லை. ஆனாலும் இந்த மடலில் அவர் பெயர் இல்லாமல் இருக்கக் கூடாது. ஒரு விஷயம் மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மாட்டு மருந்தை அப்படியே நாய்க்குக் கொடுக்காதீர்கள். கோமாரிக்கான மருந்தில் பூண்டு சேரும். நாய்க்கும் பூனைக்கும் பூண்டு, வெங்காயம் இரண்டுமே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் அம்மா. முதல் நாளே, "நீ உணவு பார், நடை பார், பயம் பார், தோல் பார். காய்ச்சல்னு தெரிஞ்சா என்கிட்ட அனுப்பு" என்றார். உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணி கடித்து உள்ளே போகும் கிருமியால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, சில நாய்களுக்கு மூக்கிலிருந்தே ரத்தம் வரும். வேப்பெண்ணெய் தடவி அதைக் குணமாக்க முடியாது. ரத்தப் பரிசோதனையும், வாரக்கணக்கில் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் வேண்டும். "இயற்கை முறையிலேயே சரி பண்ணுங்க" என்று வருகிறவர்களை நான் தயங்காமல் அவரிடம் அனுப்புகிறேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அப்படித்தான், அதில் பேச்சே கிடையாது. இந்த உறுதியை எனக்குத் தந்தவர் அவர். டாக்டரம்மா, எந்த ராத்திரியில் கூப்பிட்டாலும் போனை எடுத்தீர்களே, அதை நான் மறக்க மாட்டேன்.

தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் அக்காவுக்கு என்ன சொல்ல? பூனையை 'சின்ன நாய்' என்று நினைக்கும் பழக்கத்தை எத்தனையோ வீடுகளில் மாற்றியவர் அவர். பூனையின் கல்லீரலால் பல மருந்துகளை உடைத்து வெளியேற்ற முடியாது. நமக்குத் தலைவலி போக்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடும். வாசனை எண்ணெய்களும் ஆபத்து. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் அதிகம் இருக்கிறது. அது கிடைக்காத பூனைக்குப் பார்வை போகும், இதயம் தளரும். இதையெல்லாம் ஒரு சைவக் குடும்பத்தில் நானும் அக்காவும் உட்கார்ந்து சொன்னோம். எல்லோரும் பேசாமல் இருந்தபோது அந்த வீட்டுப் பாட்டிதான் எழுந்து, "கொல்லைப்புறத்துல தனி அடுப்பு வச்சுக்கோங்கோ" என்றார். அந்த வீட்டில் அதற்கு முன் மீன் வாசனை வந்ததே இல்லை. பாட்டி, உங்கள் பூனை இன்று என் மேசை மேல் ஏறிக் குதிக்கிறது. உங்களுக்கு என் நமஸ்காரம்.

மனிதர்களுக்குச் சிகிச்சை செய்யும் பிசியோதெரபிஸ்ட் தம்பி ஒருவர், வேலை முடித்து வந்து மூட்டுகளை எப்படிப் பிடிப்பது, எங்கே அழுத்தக் கூடாது என்று காட்டினார். லாப்ரடார் வழுக்குவது டைல்ஸ் தரையில்தான் என்று முதலில் கவனித்ததும் அவரே. தென்னை நார் விரிப்பு, நகம் வெட்டுவது, தினமும் கொடுக்கும் பிஸ்கட்டை நிறுத்துவது, இந்த மூன்றிலேயே பாதி நாய்களின் நடை மாறுகிறது.

ஆட்டுக் கிடை போட்டு மேய்க்கும் ராமநாதபுரத்துக் கீதாரி ஐயாவுக்கும் நன்றி. சிப்பிப்பாறை என்ற நம்மூர் வேட்டை நாயின் விலா எலும்பு லேசாகத் தெரிவது அதன் உடல்வாகு. அதைப் பார்த்துவிட்டு, பட்டினி கிடக்கிறது என்று சோற்றைத் திணிப்பார்கள். "அதுக்குச் சோறு போதும், ஓட எடம் குடுங்க" என்று ஆட்டுக் கிடையில் நின்றபடியே அவர் சொன்னதை வருகிறவர்களிடமெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருக்காரர்களே, தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு வைத்த நேரத்தைத் தாண்டாமல் வெடித்தீர்கள். நம் காதுக்கு எட்டாத 40,000 ஹெர்ட்ஸுக்கும் மேலான ஒலி நாய்க்குக் கேட்கும். கட்டிலுக்கடியில் நடுங்கும் நாய்களின் சார்பில் சொல்கிறேன், மிக்க நன்றி. பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நன்றி, கேட்டதும் அணுகுண்டு வெடியை வெடிக்காமல் எடுத்து வைத்தது அவர்கள்தான்.

பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், பேராசிரியரைத் தவிர வேறு யார் பெயரையும் போடவில்லை. இனி ஞாயிறு காலைகளில், தெரு நாய், தெருப் பூனை வளர்ப்பவர்கள் கட்டணமின்றி வரலாம். டாக்டரம்மாவும் அன்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரும்போது பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை