எக்ஸ்ரேயில் தெரியாத முறிவுகள்: சீட்டில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் எலும்பு முறிவு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கீழே விழுந்தால் தாமதிக்காமல் எக்ஸ்ரே எடுங்கள், படம் நார்மல் என்றால் கவலை வேண்டாம் என்று அதில் இருந்தது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே படம் எடுக்கும் ரேடியோகிராபராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எலும்பு முறிந்திருந்தும் முதல் நாள் படத்தில் தெரியாமல் போவதை எக்ஸ்ரே அறையில் இருக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைப் பொதுமக்களுக்குத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன், சிவகாசியில் அச்சகத்தில் கட்டிங் மெஷினில் வேலை பார்க்கிறான். மழை நேரத்தில் பைக் சறுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தான். போன இடத்தில், எந்தப் படம் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதும் எக்ஸ்ரே சீட்டில் ‘ரிஸ்ட்’ (மணிக்கட்டு) என்று ஒரே சொல்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். இரண்டிலும் முறிவு தெரியவில்லை. ‘சுளுக்குதான் தம்பி, நாலு நாளில் சரியாகிவிடும்’ என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீக்கம் வடிந்தது; கட்டைவிரல் பக்கம் மட்டும் வலி போகவே இல்லை. அப்புறம் சுளுக்கு வழிப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு வழித்துக்கொண்டான். எட்டு மாதம் கழித்து, ‘பெரியப்பா, பேப்பர் ரீமைத் தூக்கினாலே உயிர் போகுது’ என்று என்னிடம் வந்தான். கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டச் சொன்னேன். அப்படி நீட்டினால் விரலின் அடியில், இரண்டு நாண்கள் விறைத்து நிற்க, நடுவில் சின்னக் குழி விழும். அந்தக் குழியில் என் விரல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

புதிதாக எடுத்த படத்தில் ஸ்காஃபாய்டு எலும்பின் குறுக்கே கறுப்புக் கோடு கிடந்தது. கோட்டின் இரண்டு ஓரமும் வெளுத்து இறுகியிருந்தன. சேராமல் போன பழைய முறிவு அப்படித்தான் இருக்கும். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்து, ஸ்க்ரூ போட்டுப் பொருத்த வேண்டும் என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் மாவுக்கட்டிலேயே சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

ஸ்காஃபாய்டு, மணிக்கட்டில் முந்திரிப் பருப்பைப் போல வளைந்து கிடக்கும் சின்ன எலும்பு. அதற்கான ரத்தத்தில் பெரும்பங்கு விரல் பக்கத்து முனை வழியாக நுழைந்து, முன்கைப் பக்கமாகத் திரும்பி வருகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோகலாம். அப்போது எலும்பு சேராது. சில பேருக்கு அந்தத் துண்டு செத்தே போகும். இந்த முறிவுகளில் பத்துக்கு ஒன்று இரண்டாவது முதல் படத்தில் தெரியாது.

ஏன் தெரியாது? 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் தன் மனைவியின் கையைப் படம் எடுத்த நாள் முதல் இன்றைய டிஜிட்டல் மெஷின் வரை எக்ஸ்ரே காட்டுவது நிழலைத்தான். விரிசல் எந்தச் சாய்வில் ஓடுகிறதோ அதே சாய்வில் கதிர் போனால்தான் கோடு விழும். எலும்பு விலகாமல் மயிரிழையாக விட்டிருந்தால் வேறு கோணத்தில் எடுத்த படத்தில் எதுவும் இருக்காது. பத்துப் பதினைந்து நாளில் முறிந்த ஓரத்திலுள்ள எலும்பை உடம்பே கரைத்து எடுக்கும், இடைவெளி அகலமாகும், அப்போது எடுத்தால் தெரிந்துவிடும். முதல் நாளே பிடிக்க ஒரு வழியும் இருக்கிறது. கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து வைத்து, கதிரைக் கொஞ்சம் சரித்து எடுத்தால் ஸ்காஃபாய்டு நீளவாக்கில் விரிந்து விழும். சீட்டில் ‘கட்டைவிரல் அடியில் வலி’ என்று இருந்தால் கேட்காமலேயே அந்தப் படத்தையும் எடுத்துவிடுவோம். ‘ரிஸ்ட்’ என்று மட்டும் இருந்தால், வெளியே நீள வரிசை நிற்கும்போது வழக்கமான இரண்டு படத்தோடு நோயாளி இறங்கிப் போய்விடுவார்.

இடுப்பு விஷயம் இதைவிட மோசம். வயதான அம்மாக்கள் குளியலறையிலோ மாட்டுக் கொட்டகையிலோ வழுக்கி விழுகிறார்கள். தொடையெலும்பின் மேல்முனைப் பந்துக்குக் கீழே இருக்கும் கழுத்துப் பகுதி முறிந்து விலகியிருந்தால் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும். ஸ்ட்ரெச்சரில் பார்த்தாலே தெரியும். முறிந்தும் விலகாமல், துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகி நிற்கும்போதுதான் ஏமாந்து போகிறோம். அந்த அம்மா நொண்டி நொண்டி நடந்தே வந்துவிடுவார். இடுப்புப் படத்துக்குக் கால் பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி பாதங்களைச் சுமார் 15 டிகிரி உள்பக்கம் திருப்பி வைப்பது வழக்கம். அப்போதுதான் கழுத்து முழு நீளத்துக்குப் படத்தில் விழும். வலிக்கிறது என்று கால் வெளிப்பக்கம் சாய்ந்தபடியே எடுத்தால் கழுத்து குறுகிப்போய், பக்கத்து எலும்பு மேட்டின் நிழல் அதன்மேல் ஏறிக்கொள்ளும். அதற்காக முறிவு சந்தேகம் உள்ள காலை நாங்களாகத் திருப்பவும் முடியாது. இறுகி நின்றது விலகிவிடும். ‘விழுந்தார், காலை ஊன்ற முடியவில்லை’ என்று சீட்டில் இருந்தால், காலை அசைக்காமல் பக்கவாட்டிலிருந்து கதிரைச் செலுத்தி இன்னொரு படம் எடுக்கலாம். அதிலும் தெரியாமல், ஊன்றவும் முடியாமல் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். மஜ்ஜையில் ஏற்பட்ட கசிவை அது காட்டிக்கொடுத்துவிடும். ‘படத்தில் ஒன்றுமில்லை, நடங்கள்’ என்று வீட்டுக்கு அனுப்பினால் சில நாளில் எலும்பு விலகி, ஸ்க்ரூவில் முடிந்திருக்க வேண்டியது பந்து மாற்று அறுவை சிகிச்சையில் போய் நிற்கிறது. எழுபது வயதில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பம்ப்செட் மோட்டாரில் ஷாக் அடித்தவர்கள், வலிப்பு வந்தவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். தசைகள் ஒரே நேரத்தில் இறுகி இழுக்கும்போது தோள் மூட்டு பின்பக்கம் நழுவலாம். முன்னாலிருந்து எடுக்கும் படத்தில் எல்லாம் கிட்டத்தட்ட சரியாகவே தெரியும். கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியாது என்பதுதான் அடையாளம். அக்குள் வழியாக ஒரு படம் எடுத்தால் ஐயமே இருக்காது. ஆனால் ஷாக் அடித்த செய்தி சீட்டில் வந்தால்தானே எங்களுக்குத் தெரியும்?

எலும்பு அடர்த்திக் குறைவுக்கும் சாதாரண எக்ஸ்ரேயை நம்பி இருக்கக் கூடாது. கால்சியம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகுதான் படத்தில் எலும்பு வெளிறித் தெரியத் தொடங்கும். நின்ற நிலையில் விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்த ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

‘இன்னொரு படமா? கதிர்வீச்சு ஆச்சே’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மணிக்கட்டுக்கு எடுக்கும் ஒரு படத்தில் உடம்புக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில மணி நேரத்தில் நமக்கு இயற்கையாகவே வந்து சேரும் அளவுதான். இடுப்புப் படத்துக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் அளவு கூடுதல். அவற்றைத் தேவை பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று தோன்றினாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கம்ப்யூட்டரே முறிவைக் கண்டுபிடித்துவிடும் என்று இப்போது பேசுகிறார்கள். அமெரிக்காவில் 2018-ல் அனுமதி பெற்ற ஒரு மென்பொருள், பெரியவர்களின் மணிக்கட்டுப் படத்தில் முன்கை எலும்பின் கீழ்முனை முறிவைக் குறித்துக் காட்டுகிறது. நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் அது தேடுவது அந்த ஒரு முறிவைத்தான், ஸ்காஃபாய்டை அல்ல. படத்தில் விழாத கோட்டை எந்த மென்பொருளாலும் காட்ட முடியாது.

மருத்துவர்கள் மேல் பழி போடுவது என் நோக்கம் அல்ல. இரவுப் பணியில் ஒரே ஒரு இளம் மருத்துவர் விபத்து, விஷக்கடி, காய்ச்சல் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, நடுநடுவே எக்ஸ்ரேயையும் தூக்கிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரேயைப் படித்து முடிவு சொல்லும் சிறப்பு மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் அந்தப் படத்தைப் பார்க்க மறுநாள் ஆகும், சில இடங்களில் பார்ப்பதே இல்லை. அந்த நிலைமையிலும் அவர்களால் செய்ய முடிந்ததைத்தான் கேட்கிறேன். எப்படி விழுந்தார், எந்த இடத்தில் வலி என்று சீட்டில் ஒரு வரி போதும். நோயாளிகளும் ‘கை வலிக்குது’ என்று நிறுத்தாமல், வலி அதிகமாக இருக்கும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் எடுத்து அனுப்பிய போட்டோவை வைத்து முடிவு கேட்காதீர்கள். மயிரிழைக் கோடு அதில் அழிந்துபோகும். பழைய படங்களைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு வாருங்கள்.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு கோரிக்கை. அடிபட்டு வந்தவருக்கு முறிவு இல்லை என்று கொடுக்கும் ஒவ்வொரு எக்ஸ்ரே உறையிலும் ரப்பர் ஸ்டாம்பில் இப்படிப் பதித்துக் கொடுக்க உத்தரவிடுங்கள்: ‘இன்றைய படத்தில் முறிவு தெரியவில்லை. வலி குறையாவிட்டால் 10 முதல் 14 நாளுக்குள் மீண்டும் வரவும். அதுவரை எண்ணெய் போட்டு வழிக்க வேண்டாம். காலை ஊன்ற முடியாவிட்டால் உடனே வரவும்.’ மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் முதலில் தொடங்கலாம். அங்கே எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. மறுபடி வருகிறவரைப் பார்க்க மருத்துவரும் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரேடியோகிராபர்,
விருதுநகர் மாவட்டம்.