பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

ஜெயந்தி,

ஆறு மாதமாக உன் மெயிலுக்கு ஒரு வரி பதில் போடாதவள் திடீரென்று இவ்வளவு நீளமாக எழுதினால் ஏதோ காரியமாகத்தான் இருக்கும் என்று ஊகித்திருப்பாய். காரியம்தான். கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மல்லிகா மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை நம் வார்டனம்மாவுக்கு ஒன்றுவிட்ட பேரனாம். சிரிக்காதே, பாவம் அந்தப் பெண்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு எண்பது. மண்டபத்தில் திரை கட்டிப் பழைய படங்களை ஓட்டலாம் என்று அக்கா சொன்னாள். எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று பந்தாவாக ஃபைல்களைச் சேமிக்கிற பெட்டியைத் திறந்தேன். நீ வாங்கச் சொன்ன அதே பெட்டி. "இரண்டு டிஸ்க்குடி, ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும், நிம்மதியாகத் தூங்கு" என்று வகுப்பு எடுத்தாயே, அது. 1987 திருச்செந்தூர் படத்தில் அப்பாவுக்கு மீசை வரைக்கும் முகம் இருக்கிறது, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். அடுத்த படத்தில் பாதி கோபுரம் இடம் பெயர்ந்து, ஊதா கலந்து, யாரோ கத்தரித்து ஒட்டிய மாதிரி. எல்லாப் படமும் இப்படி இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக. அதுதான் வயிற்றைக் கலக்கியது, எது போயிற்று என்று தெரிய ஒவ்வொன்றாகத் திறந்துதானே பார்க்க வேண்டும்?

பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. டிஸ்க்கின் உடல்நலம் "நன்று" என்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன், ஒரு ராத்திரி முழுக்க ஓடிவிட்டு ஒரு வித்தியாசமும் இல்லை என்றது. உண்மைதான், இரண்டிலும் அப்பாவுக்குப் பாதி முகம்தான். கெட்டதை வரி பிசகாமல் இரண்டு இடத்தில் எழுதி வைத்திருக்கிறது, ஒன்றுக்கொன்று பிம்பமாக இருக்கிற உன் 'கண்ணாடி' டிஸ்க்!

அக்கா மகன் வந்துதான் கண்டுபிடித்தான். இரண்டு வருஷம் முன்னால் பெரிய டிஸ்க் வாங்கிப் போட்டேன் இல்லையா, அப்போதே பெட்டி மந்தமாக இருக்கிறதென்று ராம், அதுதான் கணினியின் வேலை நினைவகம், ஒன்று மலிவாக வாங்கிச் சொருகினேன். அவன் அதைக் கழற்றித் தன் கணினியில் போட்டுச் சோதித்தான், ஐந்து நிமிஷத்துக்குள் திரை முழுக்கச் சிவப்பு. பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்குப் போன ஒவ்வொரு ஃபைலும் அந்த ராம் வழியாகத்தான் போயிருக்கிறது. போகிற வழியில் எங்கோ ஒரு பூஜ்யம் ஒன்றாக மாறிவிட்டால் டிஸ்க்குக்கு அது எப்படித் தெரியும்? கொடுத்ததை ஒழுங்காக எழுதிவிட்டது. ஜேபெக் படம் சுருக்கி வைத்தது, நடுவில் ஒரு பிட், அதாவது ஒரு பூஜ்யமோ ஒன்றோ, புரண்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் குளறுபடி.

சரி, தினமும் ராத்திரி யூஎஸ்பி டிஸ்க்கில் காப்பி எடுத்தாயே என்பாய். எடுத்தேன். ஃபைலின் அளவோ தேதியோ மாறினால்தான் காப்பி எடுக்கிற புரோகிராம் திரும்ப எழுதும், அதனால் பழைய நல்ல காப்பி அதில் தப்பித்திருக்க வேண்டும். ஆனால் நான் சும்மா இருந்தேனா? புது டிஸ்க் வந்த ஜோரில் போல்டர் பெயரையெல்லாம் வருஷவாரியாக மாற்றினேன். அது புதுப் பெயரில் கெட்டதை எழுதிக்கொண்டு, பழைய பெயரில் இருந்த நல்லதைத் துடைத்துவிட்டது. பழைய டிஸ்க்குகளை அழித்து விற்று, அந்தக் காசில் மிக்ஸி வாங்கினேன். மிக்ஸி நன்றாக ஓடுகிறது.

இந்நேரம் உன் வாயில் இசட்எஃப்எஸ் என்று வந்திருக்கும், டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கிற உன் பிரியமான முறை. நானும் இந்த ஒரு வாரமாகக் கண்ணெரிய அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். எழுதும்போதே செக்சம் என்று ஒரு சரிபார்ப்பு எண் போட்டு வைக்கும், படிக்கும்போது சரிபார்க்கும், ஒரு டிஸ்க்கில் தப்பாக இருந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துத் திருத்தும். என் பெட்டியில் இருக்கிற ஈஎக்ஸ்டி4 என்ற முறை போட்டோவுக்குள் இருப்பதைப் பற்றி அப்படி எதுவும் குறித்து வைப்பதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராமிலேயே கெட்டுப்போய் வந்ததற்கு இசட்எஃப்எஸ்ஸும் பக்திசிரத்தையாகச் செக்சம் போட்டுத்தான் வைக்கும். அதற்கு ஈசிசி ராம் வேண்டும், 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்துக்கொண்டு ஒரு பிட் புரண்டால் தானே திருத்துகிற ரகம். அது உன் பெட்டியிலும் இல்லை, பார்த்துவிட்டேன். அப்புறம் உன் தெய்வத்துக்கே 2023 நவம்பரில் என்ன ஆயிற்று? ஓப்பன்இசட்எஃப்எஸ் என்ற அதன் திறந்த மூலப் பதிப்பில் காப்பி எடுத்த ஃபைல்களில் நடுநடுவே வெறும் பூஜ்யங்கள், ஒரு எச்சரிக்கையும் இல்லாமல். முதலில் அதன் 2.2.0 வெளியீட்டில் புதிதாகச் சேர்த்த வசதிமேல் பழியைப் போட்டார்கள், தோண்டினால் கோளாறு அதற்கும் ரொம்ப முந்தியது. ஜெனீவாவில் செர்ன் என்ற அணு ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் 2007-லேயே தங்கள் கணினிகளில் இப்படிச் சத்தமில்லாமல் கெட்டவற்றைத் தேடிப் பிடித்து அறிக்கை எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நானும் என் மலிவு ராமும் எம்மாத்திரம்.

போட்டோகூடப் போகட்டும். சித்தி வீட்டு ஆல்பங்களில் பாதியாவது தேறும்.

அப்பாவின் கேசட்டுகள், ஜெயா. மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றாக ஓடவிட்டு வேவ் ஃபைலாக ஏற்றினேன், பூஞ்சை பிடித்த கேசட்டை இனி எதற்கு வைத்துக்கொண்டு என்று தூக்கிப் போட்டுவிட்டேன். ஏற்றியதை அப்படியே விட்டிருந்தாலாவது ஒரு பிட் புரண்ட இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு போயிருக்கும். இடம் மிச்சமாகட்டும் என்று ஜிப் செய்து வைத்தேன். இப்போது மூன்று திறக்கவில்லை. ஜிப்புக்குள் மட்டும் ஒரு சிஆர்சி எண் இருக்குமாம், "இது நான் மூடியபோது இருந்தது இல்லை" என்று அது சொல்லிவிட்டது. இந்த வீட்டில் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான், அதற்கும் திருத்தத் தெரியவில்லை. அக்கா மகன் எதையோ வைத்து நெம்பி ஒன்றைப் பாதி எடுத்தான். கிணறு வெட்டின கதை. "நாப்பது அடி வரைக்கும் பாறைதான், அதுக்கப்புறம் பாத்தா" என்கிறார், அதோடு கரகரவென்று இரைச்சல். அதற்கப்புறம் என்ன என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், விடுதியில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் வாயால் வர வேண்டாமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது காரியம். 2017-இல் உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது, "வீடு தீப்பிடித்தால் ஒரு காப்பி வெளியூரில் இருக்கட்டும்" என்று கறுப்பு டிஸ்க் ஒன்று கொடுத்தேனே, நீகூட வரதட்சிணையா என்று கேட்டாய். உன் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்ததாக ஞாபகம். அது இருக்கிறதா என்று மட்டும் பார். கணினியில் சொருகிப் பார்க்காதே. முக்கியமாக உன் மருமகன் கையில் கொடுத்துவிடாதே, அது லினக்ஸில் எழுதியது, விண்டோஸில் போட்டால் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும், அவர் எதைக் கேட்டாலும் 'சரி' அழுத்துகிற ஆள். ஒரு துண்டில் சுற்றி அப்படியே வைத்திரு. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலைக்கு இட்லி போதும், உப்புமா செய்துவிடாதே.

உன்
சாரதா