படத்தில் இருப்பவரின் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூகப் பிரச்சினைகளைப் பேசும் புகைப்படங்களுக்குத் தங்கள் ஞாயிறு இதழ் முழுப் பக்கம் ஒதுக்குவது பெரிய விஷயம். அந்தப் பக்கத்தை நான் விடாமல் பார்க்கிறேன். ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒன்று உறுத்துகிறது. எடுத்தவரின் பெயர் படத்தின் ஓரத்தில் இருக்கிறது. படத்தில் இருப்பவரின் பெயர் இல்லை. 'துப்புரவுத் தொழிலாளி ஒருவர்', 'வெள்ளத்தில் வீடிழந்த மூதாட்டி' என்பதோடு சரி. அரைப் பக்கத்துக்கு ஒருவர் முகத்தைப் போட்டுவிட்டு அவர் யார் என்று சொல்லாமல் விடலாமா?

நான் ஆவணப்படங்களுக்கு எடிட்டராக வேலை பார்ப்பவள். படப்பிடிப்புக்கு அதிகம் போவதில்லை. ஆனால் எடுத்து வந்த ஃபுட்டேஜ் முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பது நான்தான். சட்டையில் மைக் மாட்டும்போது பேசியது, கேமராவை நிறுத்த மறந்த நேரத்தில் பேசியது எல்லாம் என் காதில் விழும். ஒப்புதல் படிவத்தை எப்படி வாங்குகிறார்கள் என்பதும் அதில் தெரிந்துவிடும். "ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு கையெழுத்து" என்று சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் தெரிகிற மாதிரி தாளை மடித்து நீட்டுகிறார்கள். படம் எங்கெல்லாம் ஓடும், எத்தனை வருஷம் இணையத்தில் கிடக்கும் என்று விளக்கிச் சொன்னவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் பேட்டி என் மேசைக்கு வந்தது. நிதானமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். கடைசியாகக் கணவர் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது என்ன சொன்னார் என்று இயக்குநர் கேட்டதும் உடைந்துவிட்டார். கேமரா மெல்ல மெல்ல க்ளோஸப்புக்குப் போகிறது. அந்த அம்மா கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "இதப் போட்டுடாதீங்க தம்பி, என் பையன் பாப்பான்" என்கிறார். "சரிம்மா" என்று ஒரு குரல் கேட்கிறது. கேமரா மட்டும் நிற்கவில்லை. படத்தின் உயிரே அந்த ஷாட்தான், டிரெய்லரிலும் அதுவே வரட்டும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு அது போனது. அந்த இடத்தில், அதே பேட்டியில் அவர் முன்பே சொல்லியிருந்த ஒரு பகுதியை வைத்தேன். வேலைக்கு ஃபோன் போட்டுக் கூப்பிட்டது யார், கயிறு இருந்ததா, முகக்கவசம் கொடுத்தார்களா, இழப்பீட்டுக்காக எந்தெந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு எந்தெந்த மேசைக்கு அலைந்தார் என்று பிசிறில்லாமல் சொல்லியிருந்தார். அழுகையைத் தேடிப் போனவர்கள் இந்த வாக்குமூலத்தைக் கவனிக்கவே இல்லை.

இது இன்றைக்கு வந்த வழக்கமும் இல்லை. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர்கள் தங்கியிருந்த முகாமில் டோரதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். அமெரிக்கப் பொருளாதார மந்தம் என்றதும் உலகத்துக்கு நினைவு வரும் முகம் அதுதான். லாங்கே எழுதிய குறிப்பில் 'ஏழு குழந்தைகளின் தாய், வயது 32' என்று இருக்கிறது. வயதைக் கேட்டவர் பெயரைக் கேட்கவில்லை. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற அந்தப் பெயர் வெளியே தெரிந்தது 1978-இல். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு கிடைக்கவில்லை என்றும், அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் சொன்னார். படம் பத்திரிகையில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது உண்மை. பலருடைய பசியை அது ஆற்றியிருக்கும். ஆனால் அதற்குள் இவர் வேலை தேடிக் குடும்பத்தோடு வேறு இடத்துக்குப் போய்விட்டார். லாங்கேயின் மனிதாபிமானத்தை நான் சந்தேகிக்கவில்லை. நல்ல மனதோடு எடுத்தாலும் இந்த விடுபடல் நடக்கிறது என்பதுதான் என் கவலை.

அவருக்கு முன்பே வேறு மாதிரி வேலை செய்தவர் லூயிஸ் ஹைன். 1908 முதல் அமெரிக்க ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை பார்த்த குழந்தைகளைப் படமெடுத்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வெவ்வேறு வேடங்களில் போவார். தன் கோட்டுப் பொத்தான் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வைத்திருந்தார். பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் எந்தப் பொத்தான் வரை வருகிறது என்பதை வைத்து உயரத்தைக் கணக்கிடுவார். பைக்குள் கையை விட்டபடியே குறிப்பெழுதுவார். பெயர், வயது, ஊர், என்ன வேலை, எவ்வளவு காலமாகச் செய்கிறது என்று முடிந்தவரை எல்லாம் பதிவாகும். குழந்தைத் தொழிலுக்கு எதிரான வாதத்தில் அந்தப் படங்கள் அவ்வளவு வலுவாக நின்றதற்கு இந்தக் குறிப்புகளும் காரணம். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து அந்தக் குழந்தைகள் சிலரின் பேரப்பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்ததும் பெயர் இருந்ததால்தான்.

பெயரைச் சொன்னால் ஆபத்து என்கிற இடங்கள் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், குழந்தைகள், முதலாளிக்கு எதிராகப் பேசுகிறவர்கள் விஷயத்தில் பெயரை மறைத்தே ஆக வேண்டும். ஆனால் மறைப்பதாகச் சொல்லி நாம் செய்வதும் அரைகுறைதான். முகத்தை மங்கலாக்கிவிட்டுக் குரலை அப்படியே விடுகிறோம். பின்னால் அவர் வீட்டுக் கதவும், அதில் ஒட்டிய ஸ்டிக்கரும், பிள்ளையின் பள்ளிச் சீருடையும் தெளிவாகத் தெரிகின்றன. அவர் யாருக்குப் பயப்படுகிறாரோ அந்த ஆளுக்கு அந்தக் கதவை நன்றாகத் தெரியும்.

ஒருமுறை சம்மதித்தவர் பிறகு வேண்டாம் என்றால் என்ன செய்வது? ஜப்பானின் மினமாட்டாவில் தொழிற்சாலை கடலில் கலந்த பாதரசக் கழிவால் முடங்கிய மகளைத் தாய் குளிப்பாட்டும் படத்தை யூஜின் ஸ்மித் 1971-இல் எடுத்தார். குடும்பத்தின் சம்மதத்தோடு எடுத்த படம்தான். உலகமே மினமாட்டாவைத் திரும்பிப் பார்த்தது. 1977-இல் அந்த மகள் இறந்த பிறகும் படம் வந்துகொண்டே இருந்தது. இனியாவது அவளை நிம்மதியாக விடுங்கள் என்பது பெற்றோரின் மனக்குறை. படத்தின் உரிமையை வைத்திருந்த யூஜினின் முன்னாள் மனைவி ஐலீன் ஸ்மித் 1998-இல் அந்த முடிவைப் பெற்றோரிடமே ஒப்படைத்து, புதிதாக வெளியிட அனுமதிப்பதை நிறுத்தினார். அவர்கள் விருப்பத்தை மதித்து அந்த மகளின் பெயரை நானும் எழுதவில்லை.

இப்படி ஒரு வழியைத் திறந்துவிட்டால் ஆலை முதலாளியும் அதிகாரியும் 'என் படத்தை நீக்கு' என்று வருவார்கள் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. வரட்டும், மறுத்துவிடலாம். தன் செயலுக்குப் பொதுமக்களிடம் பதில் சொல்ல வேண்டியவரும், தன் வலியை நம்மிடம் நம்பிக் கொடுத்தவரும் ஒன்றாகிவிட மாட்டார்கள்.

தங்களிடம் நான் கேட்பது நடைமுறையில் செய்யக் கூடியதுதான். படம் அனுப்புகிற கலைஞரிடம், இதில் இருப்பவர் பெயர் என்ன, படத்தை அவரிடம் காட்டினீர்களா என்று கேளுங்கள். பெயரைப் படத்துக்குக் கீழே போடுங்கள். அவரே வேண்டாம் என்றிருந்தால், 'அவர் விருப்பப்படி பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி சேருங்கள். அப்புறம், படத்தில் இருப்பவர் பின்னால் ஏதாவது சொல்ல விரும்பினால் தொடர்புகொள்ள ஒரு தொலைபேசி எண்ணும் அதே பக்கத்தில் இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரி மட்டும் போதாது, அவர்களில் பலருக்கு அது பயன்படாது.

இப்படிக்கு,
ஆவணப்பட எடிட்டர் ஒருவர்