சர்ட்டிபிகேட்ட நம்பி ஆட்டோகிராப் வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ராக் பேண்டுங்க கையெழுத்து போட்ட போட்டோ சேர்க்கிறது எனக்கு இருபது வருஷமா இருக்கிற பைத்தியம். ஞாயித்துக்கிழமை விடிஞ்சா லோரோங் குலிட் சந்தையில தான் நிப்பேன். இப்பல்லாம் நம்ம புள்ளைங்களும் இதுல இறங்கியிருக்காங்க, பாக்க ரொம்ப சந்தோஷமா இருக்கு, ஆனா பாதி பேரு கையெழுத்தையே பாக்குறதில்ல, ஃப்ரேமுக்கு பின்னாடி 'கையெழுத்து ஒரிஜினல்'னு ஒட்டியிருக்கிற சர்ட்டிபிகேட்ட பாத்துட்டு காச எண்ணி குடுத்துடறாங்க. அதுக்காகத்தான் எழுதுறேன்.

எங்க சித்தப்பா பினாங்கு துறைமுகத்துல வேலை செஞ்சவரு, பீட்டில்ஸ் பேண்டுன்னா அவருக்கு உசுரு. கப்பல்ல வந்த ஒருத்தர் குடுத்தாருன்னு ஒரு கருப்பு வெள்ளை போட்டோ வச்சிருந்தாரு, நாலு பேரு, நீல மையில நாலு கையெழுத்து. அவரு தவறினப்புறம் சித்தி அத என் கையில குடுத்தாங்க. டேபிள் லைட்டுல சாய்ச்சு பாத்தேன், மை தனியா மின்னுச்சு, அப்ப அச்சு இல்ல, பேனாவால எழுதினது தான். பூதக்கண்ணாடி வச்சு பாத்தப்ப தான் மனசு கனத்துப் போச்சு. லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூணு பேருலயும் வர்ற 'என்' எழுத்து ஒரே வளைவு, ஒரே சாய்வு. நாலையும் போட்டது ஒரே கை. அந்தக் காலத்துல பீட்டில்ஸ்கூடவே சுத்தின நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் அவங்களுக்கு பதிலா நிறைய கையெழுத்து போட்டிருக்காங்க, இது யாரு போட்டதுன்னு தெரியாது, ஆனா அந்த நாலு பேரு இல்ல.

இத கோலாலம்பூர்ல ஒரு வியாபாரிகிட்ட காட்டினேன். அவரும் பாத்த உடனே "ஒரே ஆளு போட்டது லா"ன்னு சொல்லிட்டாரு. சொல்லிட்டு அதே வாயால "300 வெள்ளி குடுங்க, ஒரிஜினல்னு சர்ட்டிபிகேட் போட்டு தரேன், நல்ல விலைக்கு போகும்"னாரு. எனக்கு கை நடுங்கிடுச்சு. சித்தப்பா பொத்திப் பொத்தி வச்சிருந்த போட்டோவ வச்சு இன்னொருத்தர ஏமாத்த சொல்றாரு!

காசு குடுக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க. பூதக்கண்ணாடியில கையெழுத்து புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது போட்டோவோட சேத்து அச்சடிச்சது. 1963ல ஷார்ப்பி பேனாவுல (அழியாத மை மார்க்கர்) போட்டதுன்னு சொன்னா நகந்து வந்துடுங்க, அந்தப் பேனா கடைக்கு வந்ததே 1964ல. பிளாஸ்டிக் பூசின போட்டோ பேப்பர் பரவலானது 1970கள்ல தான், அதனால 1964 பிரிண்டுன்னு வர்றத தடவிப் பாருங்க, பிளாஸ்டிக் மாதிரி இருந்தா நம்பாதீங்க. போன வருஷம் ஒருத்தர் லெட் செப்பெலின் பேண்டு போட்டோ ஒண்ணு காட்டி "1972 சிங்கப்பூர் ஷோல வாங்கினது"ன்னாரு. அந்த ஷோ நடக்கவே இல்லங்க, நீள முடியோட உள்ள விட மாட்டோம்னு சிங்கப்பூர்ல சொல்லிட்டாங்க. அதுக்கும் ஒரு சர்ட்டிபிகேட் இருந்துச்சு, தங்கக் கலர் முத்திரையோட!

இன்னொண்ணு, தயவுசெஞ்சு யாரும் லேமினேட் பண்ணிடாதீங்க, சூட்டுல மையும் போட்டோவும் கெட்டுப் போயிடும், அப்புறம் பிரிக்கவும் முடியாது. கண்ணாடியோட ஒட்டி ஃப்ரேம் போடாதீங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு பூஞ்சை புடிச்சு கண்ணாடியிலயே ஒட்டிக்கும், நடுவுல அட்டை வச்சு இடைவெளி விட சொல்லுங்க.

ஹோட்டல், ஏர்போர்ட், துறைமுகம்னு வேலை செஞ்ச பெரியவங்க நம்மள்ல எத்தன பேரு இருக்காங்க, அவங்க பொட்டியில என்னென்ன கிடக்கோ. பிள்ளைங்க இப்பவே பக்கத்துல உக்காந்து யாரு குடுத்தா, எந்த வருஷம், எங்கன்னு கேட்டு எழுதி வச்சிடுங்க, அந்த ஒரு துண்டுப் பேப்பர் எந்த சர்ட்டிபிகேட்டயும் விட எனக்கு பெருசு. சித்தப்பா போட்டோவ நான் விக்கல. அத வச்சிருக்கிற கவர்ல பென்சிலால எழுதியிருக்கேன்: "கப்பல்காரர் ஒருத்தர் சித்தப்பாவுக்கு குடுத்தது. கையெழுத்து பீட்டில்ஸோடது இல்ல."

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு